சூறைக்காற்றுக்குப் பின் நாலாம் நாள்

போன வாரம் ராத்திரி அடித்த கோடை இடிமழையில் எங்கள் வீட்டு முருங்கை பாதியாக முறிந்து விழுந்தது, மாம்பிஞ்செல்லாம் தரையில் கிடந்தது, காலையில் பெருக்கவே மனசு வரவில்லை. ஆனால் நாலாம் நாள் கதவைத் திறந்தால், சுவரோரம் வரிசையாக ரோஸ் நிற மழை லில்லி!

ஏப்ரல் முழுக்க நானும் தினமும் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், ஒரு மொட்டுகூட எட்டிப் பார்க்கவில்லை. மண்ணுக்கடியில் சின்ன வெங்காயம் மாதிரி கிடக்கிற கிழங்கு, காய்ந்த மண்ணில் நல்ல மழை இறங்கியதும் தண்டை நீட்டிவிடுகிறது. சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள் என்றாலும் நம் ஊர் மழையையும் நன்றாகவே பழகிக்கொண்டது. பூ ஒன்றிரண்டு நாளில் வாடிவிடும், அதனால் போட்டோ எடுக்க நினைத்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். அப்புறம், கிழங்கில் விஷம் உண்டு, வெங்காயம் என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் வைத்துவிடக் கூடாது.

தொட்டியில் ஃபுட்பால் லில்லியும் வந்திருக்கிறது, இலை வருவதற்கு முன்பே சிவப்புப் பந்து. அது ஆப்பிரிக்காக்காரர், வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் தரிசனம். மழை லில்லிக்கு அவ்வளவு பிகு கிடையாது, அடுத்த நல்ல மழைக்கு மறுபடி வரும்.

முருங்கையைப் பற்றிக் கவலையில்லை. முறிந்த போத்தை நட்டாலே துளிர்த்துவிடும், நேற்றே இரண்டு ஊன்றிவிட்டேன். மாம்பிஞ்சு ஊறுகாய் ஆகிவிட்டது.