உரத் தேநீர் ஆற்றிய இரண்டு வாரம்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

உரத் தேநீர் 100 லிட்டரையும் வேலியோரம் கொட்டிவிட்டேன். உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காற்றுக் குமிழி விட்டு, அதிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைப் பெருக்கிச் செடிக்குக் கொடுப்பதுதான் உரத் தேநீர். மூடியைத் திறந்ததுமே சாக்கடை வாடை. "இதையாடா செடிக்கு ஊத்தப் போற?" என்று அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சாக்கில் கட்டிய 5 கிலோ மண்புழு உரம், 1 கிலோ நாட்டுச் சர்க்கரை, மீன் தொட்டி மோட்டார் ஒன்று, 36 மணி நேரம். எல்லாம் வீண்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கோளாறு சர்க்கரையில் தொடங்கியிருக்கிறது. அதைத் தின்று நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருகும். பெருகப் பெருகத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை இழுக்கும். போதாததற்குச் சித்திரை வெயில் நெருங்குகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 35 டிகிரியில் 7தான். என் டிரம் நாள் முழுக்க வெட்டவெளியில் கிடந்தது. ஆக்சிஜன் தீர்ந்தால் அது இல்லாமலே வாழும் கூட்டம் தலையெடுக்கும், அப்புறம் நாற்றம்தான்.

பஞ்சகவ்யம், மீன் அமிலம் செய்த பழக்கத்தில் இதையும் இனிப்புப் போட்டு மூடி வைத்துவிட்டேன். அவை புளிக்க வேண்டியவை. இது புளிக்கவே கூடாது.

ஏப்ரல் 12, சனி

டிரம்மை வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். கிணற்றுத் தண்ணீர் 50 லிட்டர் மட்டும் (குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் நாம் வளர்க்க நினைப்பதையே கொல்லும்), உரம் 3 கிலோ, சர்க்கரை 100 கிராம். பெரிய மோட்டார், நான்கு காற்றுக் கல் (காற்றைச் சின்னச் சின்னக் குமிழியாக விடும் நுண்துளைக் கல்). சாயங்காலம் 5 மணிக்குப் போட்டேன், முதல் 12 மணி நேரம் இரவின் குளிர்ச்சியில் ஓடட்டும் என்று.

ஏப்ரல் 13, ஞாயிறு

இரவு 2 மணிக்குக் கரண்ட் போனது. மோட்டார் நின்றால் ஓரிரு மணி நேரத்திலேயே கெட்டுவிடும் என்ற பயம். வாளியில் மொண்டு, கை எட்டும் உயரத்திலிருந்து மறுபடி டிரம்முக்குள் ஊற்றினேன், டீக்கடையில் ஆற்றுவார்களே, அப்படி. கொஞ்ச நேரத்தில் அம்மாவும் ஒரு சொம்போடு வந்து நின்றாள். 3 மணிக்குக் கரண்ட் வரும்வரை இருவரும் மாறி மாறி ஆற்றினோம். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

சாயங்காலம் திறந்தபோது புதுமழை பெய்த மண்ணின் வாசம். அழுகையே வந்துவிட்டது. பழைய வேட்டியில் இரண்டு முறை வடிகட்டி, வெயில் தாழ்ந்ததும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் தெளித்தேன். புதினா, கொத்தமல்லிக்கு வேர் மண்ணில்தான் ஊற்றினேன். பச்சையாகத் தின்னும் இலையில் படக்கூடாது. சாண உரத்தில் கெட்ட கிருமி இருந்தால் சர்க்கரை அதையும் சேர்த்தே வளர்க்கும். டியூப்பையும் கல்லையும் உடனே தேய்த்துக் கழுவினேன். காய விட்டால் வழவழப்பு ஒட்டிக்கொள்ளும்.

ஏப்ரல் 19, சனி

இரண்டு பாத்தி மிளகாய்க்கு வேண்டுமென்றே தெளிக்கவில்லை. தெளித்ததற்கும் தெளிக்காததற்கும் இன்றுவரை வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வாரத்தில் தெரியவும் தெரியாது. இன்று அடுத்த டிரம் போட்டேன், சர்க்கரையே இல்லாமல். மோட்டாரைப் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியோடு இணைத்திருக்கிறேன். அம்மா சொம்பை மரத்தடியிலேயே வைத்திருக்கிறாள்.