செம்புங்கான்: உருளைக்கிழங்கை நம்பி வாழும் மலையூர்

இந்தோனேசியாவில், நடு ஜாவாவின் வொனோசோபோ மாவட்டத்தில், டியெங் பீடபூமியின் ஓரத்தில் இருக்கும் செம்புங்கான் என்ற சிற்றூரைப் பெரும்பாலான பயணிகள் இருட்டில்தான் பார்க்கிறார்கள். ஊருக்கு மேலே எழுந்து நிற்கும் சிக்குனிர் குன்றிலிருந்து சூரியோதயம் காண்பதற்காக விடிவதற்கு வெகுமுன்பே வேன்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் வந்து இறங்கி, கைவிளக்கு வெளிச்சத்தில் படியேறி, சிந்தோரோ எரிமலைக்குப் பின்னால் வானம் சிவப்பதைப் படமெடுத்துக்கொண்டு, காலைச் சிற்றுண்டிக்கு டியெங்குக்குத் திரும்பிவிடுவார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருக்கும் இவ்வூர், ஜாவாத் தீவின் மிக உயரமான கிராமம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அந்தச் சூரியோதயத்தை நானும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வண்டிகள் எல்லாம் போன பிறகு ஊர் என்ன செய்கிறது என்பதே எனக்குச் சுவையாக இருந்தது.

ஜோக்ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டால் மாகெலாங், தெமாங்குங் வழியாக வொனோசோபோ நகருக்கு வர ஏறத்தாழ அரை நாள் பிடிக்கும். சும்பிங், சிந்தோரோ என்ற இரட்டை எரிமலைகளுக்கு இடையே உள்ள கணவாயைச் சாலை கடக்கும்போது, 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அவ்விரு மலைகளின் சரிவுகளிலும் புகையிலைத் தோட்டங்கள் ஏறிக்கொண்டே போவதைக் காணலாம். வொனோசோபோவில் இறங்கியவுடன், முட்டைக்கோசும் நூடுல்சும் சேர்த்துக் கொழகொழப்பான குழம்பு ஊற்றித் தரும் 'மி ஓங்லோக்' ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, மலை ஏறும் சிற்றுந்தைப் பிடித்தேன். டியெங் வரை சுமார் 26 கிலோமீட்டர். கெஜாஜார் என்ற ஊரைத் தாண்டியதும் காற்று சட்டென்று குளிர்ந்தது. இருபுறமும் காடு வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் வந்தவை பாத்திகள்தாம்.

டியெங் ஒரு பழைய எரிமலைக் கூட்டத்தின் நடுப்பகுதி. சிக்கிடாங் குழியில் சேறு இன்றும் கொதித்துக்கொண்டிருக்கிறது. கந்தக வாடை வயல் வரை வருகிறது. புவிவெப்ப மின்நிலையத்தின் பருத்த குழாய்கள் முட்டைக்கோசுத் தோட்டங்களுக்கு ஊடே ஓடுகின்றன. இந்த நிலம் தருவதைப் போலவே எடுத்துக்கொள்ளவும் செய்யும். 1979 பிப்ரவரியில், பீடபூமியின் மேற்கே சினிலா குழி சீறியபோது, தப்பி ஓடிய கிராமத்தார் ஏறத்தாழ 150 பேர் பாதையில் தேங்கி நின்ற கரியமில வாயுவில் மூச்சடைத்து இறந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஏன் குடியிருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை காலடியில் கிடக்கிறது: கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும் கருமண்.

செம்புங்கானுக்குத் திரும்பும் முன் சற்று விலகி பீமன் கோயிலைப் பார்ப்பது தமிழருக்கு அவசியம் என்பேன். பீடபூமியில் எஞ்சியிருக்கும் எட்டுச் சிறு சிவாலயங்களும் ஜாவாவின் மிகப் பழைய கற்கோயில்களைச் சேர்ந்தவை. இங்கே கிடைத்த ஒரு கல்வெட்டின் காலம் கி.பி. 809. பீமன் கோயிலின் விமானத்தில் குதிரை லாட வடிவக் கூடுகளும், ஒவ்வொரு கூட்டுக்குள்ளிருந்தும் வெளியே எட்டிப்பார்க்கும் முகங்களும் உள்ளன. மாமல்லபுரத்து ரதங்களின் கபோதத்தில், அதாவது வளைந்த கூரை விளிம்பில், இதே கூடுகளையும் முகங்களையும் பார்த்துப் பழகியவர்களுக்கு அங்கிருந்து நகர மனம் வராது. அர்ஜுனன், பீமன் முதலான பெயர்கள் பிற்காலத்து ஜாவானிய மக்கள் இட்டவை. கோயிலைச் சுற்றி இன்று வேலி; வேலிக்கு அப்பால் உருளைக்கிழங்கு.

செம்புங்கான் ஒரு கிண்ணத்தின் உட்புறத்தில் அமைந்த ஊர். அடியில் செபோங் ஏரி. ஏரியின் ஒரு கரையில் நெருக்கியடித்துக் கட்டிய வீடுகள். மற்ற எல்லாப் பக்கங்களிலும் வானம் தொடங்கும் இடம் வரை பாத்திகள். வீடுகள் சிமெண்டால் கட்டியவை, பலவற்றுக்குத் தகரக்கூரை. மூங்கிலும் ஓலையுமாய் ஒரு பழங்கால ஊரை எதிர்பார்த்து வருகிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். சந்துகளில் எங்கு பார்த்தாலும் சாக்குமூட்டைகள். கிழங்கு என்று நினைத்து அருகில் போனால் மூக்கைத் துளைக்கும்: சமவெளிக் கோழிப் பண்ணைகளிலிருந்து லாரிகளில் ஏற்றிவந்த கோழி எரு. முதல் நாள் இந்த வாடை பெரிய தொல்லையாக இருந்தது. பிறகு கவனத்திலிருந்தே போய்விட்டது.

நான் தங்கிய வீட்டில் விருந்தாளிகளுக்கென்று தனிக் கூடம் இருந்தாலும் எல்லாரும் கூடியது சமையலறையில்தான். மாலை ஐந்து மணிக்கு மேல் வெளியே நிற்க முடியாத குளிர். விறகடுப்பைச் சுற்றிச் சிறு முக்காலிகளைப் போட்டுக்கொண்டு, கழுத்தோடு போர்த்திய கைலியும் தலையில் கம்பளிக் குல்லாயுமாக அக்கம்பக்கத்தாரும் வந்து அமர்ந்துவிடுவார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த தெம்பே என்ற நொதித்த சோயாக் கட்டி, மல்லிகைப்பூ மணக்கும் இனிப்புத் தேநீர், கடைசியில் சாம்பலில் புதைத்துச் சுட்ட சிறு உருளைக்கிழங்குகள். வீட்டுக்காரரை நான் 'பாக்' என்று மரியாதையாக அழைக்க, அவர் என்னை 'மாஸ்', அதாவது அண்ணன், என்று அழைத்தாலும் தம்பியைப் போலவே நடத்தினார். "மொங்கோ, மாஸ், அடுப்புக்குக் கிட்டே வாருங்கள்" என்று முக்காலியை நகர்த்திவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பேச்சு விலையைப் பற்றியது. மறுநாளும் விலையைப் பற்றியதே.

அவர் சிறுவனாக இருந்தபோது இவ்வூர் மக்காச்சோளமும் புகையிலையும் முட்டைக்கோசும் விளைவித்து, சோளச்சோறு உண்டு வாழ்ந்த ஏழை ஊர். 1980களில் உருளைக்கிழங்கு பீடபூமியெங்கும் பரவியது. 'கிரனோலா' என்ற மஞ்சள் சதை வகை, விதைத்த மூன்றரை மாதத்தில் கைக்கு வந்துவிடும். குளிர் தேவைப்படும் பயிராதலால் கீழே சமவெளியில் யாரும் போட்டிக்கு வர முடியாது. தண்ணீர் கிடைத்தால் ஆண்டுக்கு மூன்று போகம். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஊர் உருமாறியது. பழைய வீடுகள் மாடிவீடுகளாயின, மோட்டார் சைக்கிள்கள் வந்தன, கிழங்கு விற்ற பணத்தில் மெக்காவுக்குப் போய்வந்தார்கள். இந்தக் கதையை அவர் சொன்னபோது அடுப்பைச் சுற்றியிருந்த பெரியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு ஒரு நல்ல விலை கிடைத்த ஆண்டைச் சொன்னார்கள். கல்யாண ஆண்டுகளைப் போல அவற்றை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

காலையில் வயலுக்கு உடன் போனேன். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தழையை அறுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் மண்ணுக்கடியில் கிழங்கின் தோல் தடித்துவிடும், உரசினாலும் உரியாது. பெண்கள் மூவர் சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி, குனிந்தபடியே, சிறு மண்வெட்டியால் பாத்தியின் ஓரத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். கிழங்கில் வெட்டு விழுந்தால் அது விலைக்கு ஆகாது என்பதால் கடைசி நான்கு விரற்கடையைக் கையாலேயே துழாவுகிறார்கள். ஈர மண்ணிலிருந்து வெளிறிய மஞ்சளில் கிழங்குகள் உருண்டு வந்தன. அங்கேயே தரம் பிரிப்பு: பெரியவை ஒரு சாக்கில், நடுத்தரம் இன்னொன்றில், முட்டை அளவில் உள்ளவற்றில் நல்லவை விதைக்கு, அதனினும் சிறியவை வீட்டுக்கு. முந்தின இரவு நாங்கள் சுட்டுத் தின்றவை அந்தக் கடைசி வகை. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இளைஞர்கள் இறங்கிய ஒற்றையடிப் பாதையில் நான் கைவீசிக்கொண்டு இறங்கவே இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. அவர்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. கீழே சாலையோரத்தில் வியாபாரியின் லாரி நின்றது. விலை அன்று காலைதான் கைப்பேசியில் முடிவாகியிருந்தது.

அந்தச் சரிவில் நின்றபோது கண்ணை உறுத்திய ஒன்று உண்டு. பாத்திகள் மலையைச் சுற்றி, குறுக்குவாட்டில் போகவில்லை. உச்சியிலிருந்து அடிவரை நேராக இறங்கின. பெய்யும் மழை அப்படியே வாய்க்காலில் பாய்ந்து மண்ணை வாரிக்கொண்டு போகும் என்பது எவருக்கும் தெரியும். ஏன் இப்படி என்று கேட்டேன். "குறுக்கே போட்டால் தண்ணீர் நிற்கும், நின்றால் கிழங்கு அழுகும், மாஸ்" என்றார். பின்கருகல் நோய் ஈரத்தில்தான் பரவுகிறது. மழைக்காலத்தில் ஒரு வாரம் மருந்து அடிக்கத் தவறினால் வயலே கருகிப்போகும். ஆகவே நீரை விரட்டியாக வேண்டும், நீரோடு மண்ணும் போகிறது, போன மண்ணுக்கு ஈடாகக் கோழி எரு மூட்டை மூட்டையாக ஏறுகிறது, அதற்கான கடனை அடைக்க மறு போகமும் கிழங்கையே போட வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்த வளையத்தை முதலில் அறுப்பது என்று அறிவுரை சொல்வது எளிது. நடவுக்குக் கடன் வாங்கியவரிடம், ஒரு போகத்தை விட்டுவிட்டு மரம் நடுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

போன மண் எங்கோ சேரத்தான் வேண்டும். ஜாவாவின் தென்கடலில் கலக்கும் செராயு ஆறு டியெங்கில்தான் பிறக்கிறது. அதன் ஊற்றுக்கண் பீமன் பெயரிலேயே 'தூக் பிமோ லுக்கார்' என்று வழங்குகிறது. கீழே பஞ்சார்நெகாரா மாவட்டத்தில் அவ்வாற்றின் குறுக்கே மின்னுற்பத்திக்காகக் கட்டிய மிரிச்சா நீர்த்தேக்கம் எதிர்பார்த்ததைவிட வெகுவேகமாக வண்டலால் தூர்ந்துவருகிறது. இன்னொரு பக்கம், ஒரே பயிரை ஓயாமல் போட்ட நிலத்துக்கு உரிய நோயும் வந்துவிட்டது. வேரைத் தின்னும் தங்க நூற்புழு 2003-இல் கிழக்கு ஜாவாவில் கண்டறியப்பட்டு, அதன்பின் டியெங்கிலும் காணப்பட்டது. நீலகிரி விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தியாவில் இப்புழு முதன்முதலில் கண்டறியப்பட்டதே அங்கேதான், 1961-இல். ஆண்டுக்கணக்கில் முட்டைக்கூட்டோடு மண்ணில் உறங்கும் இப்புழுவை ஒழிக்க மருந்தைவிடப் பயிர்ச்சுழற்சியே மேலான வழி; அதற்குத்தான் இங்கே எவருக்கும் அவகாசமில்லை.

மழையில்லாத மாதங்களில் வேறு கவலை. ஜூன் முதல் செப்டம்பருக்குள் வானம் தெளிந்த சில இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போய், புல்லின் மேலும் இலைகளின் மேலும் வெண்பனி உறைந்துவிடும். 'எம்புன் உபாஸ்' எனப்படும் இந்த உறைபனியைக் காண நகரங்களிலிருந்து கூட்டமாக வருகிறார்கள். ஜாவாவில் பனி என்று படம் பிடித்துப் போடுகிறார்கள். வெயில் ஏறியதும் அந்த இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கறுத்துவிடும். விடியுமுன்பே ஏரியிலிருந்து குழாயில் நீரேற்றி இலைகளை நனைத்து, உறைந்ததைக் கரைத்துவிட முயல்கிறார்கள்; எல்லா வயலுக்கும் குழாய் எட்டுவதில்லை. தங்கும் விடுதி வைத்திருக்கும் மகனுக்கு உறைபனி வரவாகவும், வயல் வைத்திருக்கும் தந்தைக்குச் செலவாகவும் ஆகும் வேடிக்கையை அடுப்படியில் ஒருவரையொருவர் கேலி செய்தே சொன்னார்கள்.

கிழங்குக்கு மாற்று என்று கண்ணில் படுவது வரப்போரங்களில் நிற்கும் காரிகா மரம்தான். ஆண்டிஸ் மலைத்தொடரிலிருந்து வந்த இச்சிறு பப்பாளி பச்சையாகத் தின்னப் புளிக்கும், பால் நாக்கை அரிக்கும். சர்க்கரைப் பாகில் வேகவைத்தால் அதன் மணம் வேறெந்தப் பழத்துக்கும் இல்லை. பெண்கள் வீட்டிலேயே தோல் சீவி, பாகில் இட்டு, சிறு கோப்பைகளில் அடைத்துச் சாலையோரக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், பனியில் கருகினாலும் பெரும்பாலும் பிழைத்துவிடும், பயணிகள் இருக்கும் வரை விலையும் உண்டு. இருந்தும் வயலின் நடுவே அதை யாரும் வைப்பதில்லை. ஒரு மரம் தரும் பழத்தை இரண்டு நாளில் விற்றுவிடலாம், ஒரு வயல் நிறையக் காய்த்தால் யார் வாங்குவார்கள் என்று வீட்டுக்கார அம்மா கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். சனிக்கிழமை இரவைத் தவிர்த்துவிடுங்கள். அன்று குன்றில் நிற்க இடமிருக்காது. ஆகஸ்ட் வாக்கில் டியெங் திருவிழா நடக்கும் நாட்களில் விடுதிகள் பல வாரம் முன்பே நிறைந்துவிடும். இயல்பாகவே சடைவிழும் குழந்தைகளின் முடியை, அவர்கள் கேட்ட பொருளைக் கொடுத்த பிறகே வெட்டும் சடங்கை அப்போது காணலாம். கம்பளிச் சட்டையும் காதுகளை மூடும் குல்லாயும் கட்டாயம் வேண்டும். இரவில் வெந்நீர் கிடைக்கும் வீடாகக் கேட்டுப் பாருங்கள். டியெங்கிலிருந்து செம்புங்கானுக்கு முறையான பேருந்து கிடையாது, வாடகை மோட்டார் சைக்கிள்தான். முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள். சூரியோதயத்துக்குப் பிறகு எட்டு மணி வாக்கில், வண்டிகள் எல்லாம் இறங்கிய நேரத்தில் ஏரிக்கரைப் பாதையில் நடந்தால், வயலில் இருப்பவர்கள் எவரானாலும் நின்று பேசுவார்கள். உங்கள் ஊரில் கிழங்கு கிலோ என்ன விலை என்று அவர்களே முதலில் கேட்பார்கள்.