சூடானால் மட்டும் மிஸ்ஸிங் அடித்த பிக்கப்

காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கோவை வந்து சேரும்வரை வண்டியை ஒரு குறை சொல்ல முடியாது. காந்திபுரம் சிக்னலில் நின்றால்தான் தொல்லை ஆரம்பிக்கும். ஸ்டியரிங் கையில் உதறும், இஞ்சின் மூச்சுத் திணறுவதுபோல் விட்டுவிட்டு ஓடும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் எல்லாம் சரியாகிவிடும்.

வண்டி இரண்டாம் கையாக வாங்கிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப். கூடவே சிஎன்ஜியும் உண்டு. முந்தைய உரிமையாளர் பெரும்பாலும் கேஸில்தான் ஓட்டியிருக்கிறார். ஆரம்பத்தில் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் முடிச்சு அவிழ்ந்தது இந்த இடத்தில்தான்.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியைச் செருகிப் பார்த்ததில் பி0302 என்று வந்தது. இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். இந்தக் குறியீட்டைப் பார்த்ததுமே தீப்பொறி தரும் பிளக்கும், அதற்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயிலும் வாங்கக் கடைக்கு ஓடுபவர்கள் அதிகம். கம்ப்யூட்டருக்கு உண்மையில் தெரிவது அவ்வளவு இல்லை. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் ஒரு உந்து வாங்கும். எந்தச் சிலிண்டரின் முறையில் அந்த உந்து வரவில்லை என்பதைக் கிராங்க் சென்சார் கவனித்துச் சொல்கிறது. ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. தீப்பொறி, எரிபொருள், காற்று, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) என்று எதிலும் கோளாறு இருக்கலாம்.

முதல் சோதனைக்குக் காசே செலவில்லை. இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கும், அதிலிருந்ததை இதற்கும் மாற்றிப் போட்டு ஓட்டினேன். காயில் கெட்டிருந்தால் குறியீடு பி0303 என்று மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. பிளக்கையும் அதேபோல் இடம் மாற்றினேன், அப்போதும் 0302தான். சிஎன்ஜிக்குப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜில் தீப்பொறி வேண்டும். அதனால் தளர்ந்த காயில் கேஸில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அதுவும் இதோடு தீர்ந்தது.

அடுத்தது எரிபொருள். இரண்டு எரிபொருள் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் பெட்ரோலுக்குத் தனி, கேஸுக்குத் தனி. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பெட்ரோலிலும் அதே உதறல், கேஸிலும் அதே உதறல். இரண்டு இன்ஜெக்டர்களும் ஒரே சிலிண்டரில் ஒன்றாகக் கெடுவது அரிது. ஒரு பட்டறையில் இன்ஜெக்டர் கிளீனிங், சென்சார், கூடவே ஈசியு எனும் இஞ்சின் கம்ப்யூட்டர் என்று நீளப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. அங்கும் ஒன்றுமில்லை.

மிச்சமிருந்தது கம்ப்ரஷன். எங்கள் பகுதி மெக்கானிக் காலையில், குளிர்ந்த இஞ்சினில் சோதித்தபோது நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. "இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு தம்பி" என்றார். ஆனால் கோளாறு வருவதே சூட்டில்தானே? லோடு இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோய், சூடு ஆறும் முன்பே மறுபடி பார்க்கச் சொன்னேன். கை சுடுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே நான்கு பிளக்குகளையும் கழற்றினார். எரிபொருளை நிறுத்தி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து சுற்றவிட்டோம். மற்ற மூன்றும் 165 பிஎஸ்ஐக்கு மேல் காட்ட, இரண்டாம் சிலிண்டரில் முள் 110ஐத் தாண்டவில்லை. அந்தச் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தோம், அளவு ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து முள்ளை ஏற்றிவிட்டிருக்கும்.

அதன் பிறகு அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, வண்டி நகராமல் கியரில் போட்டு, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தினார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார், சத்தமில்லை. ரேடியேட்டரில் குமிழி வரவில்லை. இன்டேக் பக்கமும் அமைதி. பின்னால் போய்க் குனிந்தவர் என்னைக் கூப்பிட்டார். சைலன்ஸர் வாயில் 'உஸ்ஸ்' என்று காற்று வந்துகொண்டிருந்தது. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை.

காரணம் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே விட்டுவைக்கும் சிறு இடம். திரவ எரிபொருள் வால்வு இருக்கைக்குத் தருகிற சிறிதளவு குளிர்ச்சியும் வழுவழுப்பும் உலர்ந்த கேஸில் கிடைக்காது. ஓட ஓட வால்வு தன் இருக்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். அமிழ அமிழ வால்வின் தண்டு மேலே எழும்பி, ராக்கருக்கும் அதற்கும் இடையிலான இடைவெளியைத் தின்றுவிடும். குளிர்ந்த நிலையில் மயிரிழை இடைவெளி மிஞ்சியிருக்கும். சூட்டில் தண்டு நீண்டதும் அதுவும் போய்விடும். வால்வு முழுதாக உட்காராது. வேகமாகச் சுற்றும்போது கசிய நேரம் போதாததால் மிஸ்ஸிங் தெரியாது. ஐடிலிங்கில் நேரம் தாராளம். வாங்கும்போது டேப்பெட் சத்தமே இல்லாமல் இஞ்சின் ஓடியதன் ரகசியமும் இதுதான். லேசான 'டிக் டிக்' கேட்டிருந்தால்தான் நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

இஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மேல்மூடியைக் கழற்றினோம். எக்ஸாஸ்ட் வால்வுக்குக் குறித்திருந்த இடைவெளி 0.2 மில்லிமீட்டரை ஒட்டியது. இரண்டாம் சிலிண்டரில் இடைவெளியை அளக்கும் 0.05 மில்லிமீட்டர் தகடுகூட நுழைய மறுத்தது. மற்றவையும் இறுக்கமாகத்தான் இருந்தன. லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சரிசெய்து, தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவும் அளவுக்கு வைத்தார். நட்டை முறுக்கும்போது திருகும் சேர்ந்து நகர்ந்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் மறுபடி அளந்தார். புதிதாக வாங்கிய பொருள் மேல்மூடி கேஸ்கட் ஒன்றுதான்.

மறுநாள் சூட்டில் அளந்தபோது இரண்டாம் சிலிண்டர் 155 காட்டியது. மற்றவற்றுக்குச் சமமாக வரவில்லை. வால்வு ஓரம் கொஞ்சம் கருகியிருக்கும் என்பது மெக்கானிக்கின் கணிப்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் சிக்னலில் உதறல் நின்றுவிட்டது, அழித்த குறியீடு திரும்பவில்லை. விளக்கு விட்டுவிட்டு மின்னும் கட்டத்திலும் தொடர்ந்து ஓட்டியிருந்தால், எரியாத எரிபொருள், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்டரையும் சுட்டுத் தீர்த்திருக்கும். அந்தச் செலவைக் கேட்டாலே தலை சுற்றும்.

வால்வு அமிழ்வது இதோடு நிற்கப்போவதில்லை. இனி ஒவ்வொரு பெரிய சர்வீஸிலும் இடைவெளியை அளக்கச் சொல்லியிருக்கிறேன். சரிசெய்யத் திருகில் இடமில்லாமல் போகும் நாளில் வால்வுகள் இருக்கும் இஞ்சின் ஹெட்டை இறக்கி வால்வு இருக்கையை மாற்ற வேண்டியிருக்கும். அதற்காக மாதம் வண்டி வாடகையில் வருவதிலிருந்து கொஞ்சம் ஒதுக்கி வருகிறேன்.