பன்னிரண்டாம் குழாய்

பி.எச்.டி. சேர்ந்த முதல் வருடம். லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுக்கும் வேலை. எங்கள் பேச்சில் அது எல்.டி.எச். நாலு நாள் குளிர் அறையில் ஸ்வெட்டரோடு கிடந்து, கடைசியில் குரோமட்டோகிராஃபி (கலவையில் இருக்கும் புரதங்களைப் பிரித்து வடியவிடும் முறை) ஓட்டி, வடிந்ததைக் குழாய் குழாயாகப் பிடித்து வைத்தேன். குழாய்க்கு 2 மில்லிலிட்டர். எதில் நொதி இருக்கிறது என்று பார்த்துவிட்டால் முடிந்தது.

பார்ப்பது சுலபம்தான். எல்.டி.எச் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும்போது கூடவே என்.ஏ.டி.எச் என்ற துணை மூலக்கூறையும் செலவழிக்கும். என்.ஏ.டி.எச் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். அது செலவாகி வருகிற என்.ஏ.டி. உறிஞ்சாது. ஆகவே குவெட் என்ற ஒளி ஊடுருவும் சின்னக் குப்பியில் பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்), பைருவேட், என்.ஏ.டி.எச் மூன்றையும் எடுத்து, 10 மைக்ரோலிட்டர் நொதியை விட்டு, ஓ.டி., அதாவது எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் எண், இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு.

9-ஆம் குழாயில் அழகான சரிவு. 10-இல் கொஞ்சம் சரிந்து, சட்டென்று படுத்துவிட்டது. 11, 12, 13 மூன்றிலும் அசைவே இல்லை, கோடு தரையோடு தரையாக ஓடியது. 14-இல் மறுபடி லேசான சரிவு, 15-இல் நல்ல சரிவு. ஆனால் புரதம் அதிகமாக இருந்தது அந்த நடு மூன்றில்தான். வேறு ஏதோ புரதம் குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். நோட்டில் ‘செயல்பாடு இல்லை’ என்று எழுதிவிட்டு மூன்று குழாயையும் சிங்க்கில் கொட்டினேன். என்னென்ன புரதம் இருக்கிறது என்று ஜெல்லில் ஓட்டிப் பார்க்கலாமே என்று 12-இலிருந்து 50 மைக்ரோலிட்டர் மட்டும் எடுத்து ஐஸில் வைத்திருந்தேன். அது எந்த தெய்வம் தந்த புத்தியோ.

சாயங்காலம் சீனியர் அக்கா நோட்டைப் புரட்டினார்.

“நடுவுல எப்படிப்பா குழி விழும்? ரெண்டு பக்கமும் இருக்கு, நடுவுல இல்லையா?”

“கோடு தட்டையா இருந்துச்சுக்கா.”

“எந்த உயரத்துல தட்டையா இருந்துச்சு?”

அதை நான் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம். நொதி சேர்க்காத கலவையின் ஓ.டி. 1.24. 12-ஆம் குழாயின் கோடு தொடங்கிய இடம் 0.05. நொதி செத்திருந்தால் கோடு 1.24-இல்தானே தட்டையாக ஓட வேண்டும்? மெஷின் முதல் ரீடிங் எடுப்பதற்கு முன்பே வேலை முடிந்திருக்கிறது. குவெட்டை மூடி, நாலு தடவை கவிழ்த்து, உள்ளே வைத்து, பட்டனை அழுத்த எனக்குக் குறைந்தது 15 நொடி ஆகும்.

மிச்சமிருந்த 50 மைக்ரோலிட்டரில் கொஞ்சம் எடுத்து நூறு மடங்கு நீர்த்து, மறுபடி அளந்தோம். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்கோடு, நிமிடத்துக்கு 0.124 இறக்கம். என்.ஏ.டி.எச்-இன் மோலார் உறிஞ்சல் கெழு, அதாவது 1 மோலார் கரைசலுக்கு வரக்கூடிய ஓ.டி., 6,220. 0.124-ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு 0.02 மில்லிமோலார். குவெட்டில் இருந்தது 1 மில்லிலிட்டர், எனவே 0.02 மைக்ரோமோல். நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் மாற்றினால் அது 1 யூனிட், ஆக குவெட்டுக்குள் போனது 0.02 யூனிட். அது 10 மைக்ரோலிட்டரிலிருந்து வந்தது என்றால் மில்லிலிட்டருக்கு 2; நீர்த்ததையும் சேர்த்தால் 200. புரதம் மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தது, அதனால் மில்லிகிராமுக்கு 400 யூனிட். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, சிங்க்கைத் திரும்பிப் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

நீர்க்காமல் விட்டபோது என்ன ஆனது என்பதையும் இதிலிருந்தே போட்டுப் பார்க்கலாம். குவெட்டுக்குள் 2 யூனிட், இருந்த என்.ஏ.டி.எச் 0.2 மைக்ரோமோல். ஆறு நொடியில் அத்தனையும் தீர்ந்திருக்கும்.

  

நொதியின் செயல்பாடு என்றால் எவ்வளவு விளைபொருள் வந்தது என்பதல்ல, தொடக்கத்தில் எவ்வளவு வேகமாக வந்தது என்பது. பாடத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நேரம் போகப் போக வினைப்பொருள் குறையும், விளைபொருள் சேர்ந்து குறுக்கே நிற்கும், சில நொதிகள் அளக்கும்போதே வீரியம் இழக்கும். 1913-இல் மிக்கேலிஸ், மாட் மென்டன் என்ற இரு விஞ்ஞானிகள் சர்க்கரையை உடைக்கும் இன்வெர்ட்டேஸை ஆராய்ந்தபோது இந்தத் தொடக்க வேகத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பிரிந்து வரும் குளுக்கோஸ் கரைசலில் தானாக உருமாறி போலாரிமீட்டர் (கரைசல் ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் கருவி) ரீடிங்கைக் குழப்பும் என்பதால், காரம் சேர்த்து நொதியை நிறுத்தி, அந்த உருமாற்றம் முடிந்த பிறகே அளந்தார்கள். அந்தப் பொறுமையைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

இப்போது எந்த நொதியானாலும் முதலில் ஒரு அளவும், அதற்கு இரண்டு மடங்கும் போட்டுப் பார்க்கிறேன். சரிவும் இரண்டு மடங்கானால்தான் அந்த எண்ணை நோட்டில் ஏற்றுவேன். பைருவேட் சேர்க்காத ஒரு குவெட்டும் கட்டாயம், கச்சா சாற்றில் என்.ஏ.டி.எச்-சைத் தின்ன வேறு நொதிகளும் இருக்கும். ஐஸிலிருந்து எடுத்த பஃபரை அப்படியே ஊற்றுவதில்லை. ஊற்றினால் குவெட் சூடேற ஏற வேகமும் ஏறி, கோடு வளைந்துவிடும்.

மருத்துவ லேபில் இருக்கும் தோழியிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதியையும் இதே 340-இல்தான் பார்க்கிறார்கள். அந்த நொதி உண்டாக்கும் பைருவேட்டை, தாராளமாகச் சேர்த்துவைத்த எல்.டி.எச் உடனுக்குடன் மாற்ற, என்.ஏ.டி.எச் இறங்குவதை அளக்கிறார்கள். கல்லீரல் மோசமாகப் பாதித்து நொதி அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தால், அளக்கும் நேரத்துக்கு முன்பே என்.ஏ.டி.எச் தீர்ந்து, ரிசல்ட் பொய்யாகக் குறைந்துவிடலாம். “அதுக்குத்தான் மெஷின் கொடி காட்டும், நீர்த்துத் திரும்ப ஓட்டணும்” என்றாள். அந்த மெஷினுக்கு இருக்கிற விவரம் எனக்கு இருந்திருந்தால், ஆயிரம் யூனிட்டுக்குக் குறையாத எல்.டி.எச் அன்று சாக்கடைக்குப் போயிருக்காது.