14-ஆம் வசனம்

போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்கென்று ஒரு பைபிள் வசனம் எழுதின அட்டை) எடுத்தபோது எனக்கு வந்தது பிலிப்பியர் 4:13, பிலிப்பி ஊர்ச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதின கடிதத்தில் இருக்கிற வசனம். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." ஆட்டோ கண்ணாடி தொடங்கி காலண்டர் வரைக்கும் நாம் எல்லோரும் பார்க்கிற வசனம்தான், ஆனாலும் எனக்கென்று வந்ததில் அவ்வளவு சந்தோஷம். பைக்கில் ஒட்டிக்கொண்டேன். தினமும் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வேலைக்கு இறங்கி ஏறுகிறவன் நான், 20 கொண்டை ஊசி வளைவிலும் அந்த வசனம் கண்முன்னால் இருக்கும்.

பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது.

அப்பா காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். மூளையின் இடது பக்கம் அடைப்பு என்றார்கள், அதனால் வலது கை, வலது கால், அதோடு பேச்சும் போயிற்று. சேலத்தில் ஆஸ்பத்திரி வாசம் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அம்மா இல்லை. பகலில் சித்தி வந்து பார்த்துக்கொள்வார், ராத்திரி முழுக்க நான்தான். திருப்பிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, தண்ணீர் கொடுப்பது, காலையில் மறுபடி பைக். யார் கேட்டாலும் "கர்த்தர் பெலன் தருகிறார்" என்று சொல்வேன், நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். உதவி கேட்டால் அந்த வசனத்தை நானே நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம்.

ஜூலையில் ஒரு ராத்திரி, மழை. இரண்டு மணி இருக்கும். சத்தம் கேட்டு எழுந்தால் அப்பா கட்டிலிலிருந்து சரிந்து தரையில் கிடக்கிறார். தலையில் அடி இல்லை, நல்ல நினைவோடு இருக்கிறார். தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. வராத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு விலகிவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார், அதனால் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கினேன். அப்பா ஒல்லியானவர் இல்லை. மூன்றாவது தடவை என் முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. "ஆண்டவரே, இப்போது பெலன் தாரும், இந்த ஒரு தடவை" என்று வாய்விட்டு அழுதேன். பெலன் வரவில்லை. இதை நான் மாற்றி எழுத மாட்டேன்.

தலையணை வைத்து, கம்பளியைப் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம், வசனம் கொடுத்தவர் மேலேயே கோபம். அப்போதுதான் அப்பா வாயைத் திறந்து "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்றார். தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கையால் காட்டுகிற மனிதர்! (பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் பலருக்கும் மனப்பாடமான ஜெபம், பாட்டு, எண்களை வரிசையாகச் சொல்வது இதெல்லாம் மிச்சம் இருக்குமாம், சொந்தமாக ஒரு வார்த்தை எடுப்பதுதான் கஷ்டம்.) அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. "நான் தாழ்ச்சியடையேன்" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வரி அவர் பாதி, நான் பாதி. 23-ஆம் சங்கீதத்தை எத்தனை தடவை சொன்னோம் என்று தெரியாது, விடிகிற வரைக்கும் அதுதான்.

ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் வேலைக்குக் கிளம்புகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்து கூப்பிட்டேன். அப்பாவுக்காக வெளியாள் ஒருவரை உதவிக்கு நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வந்து பார்த்தவர், "ராத்திரியே ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பேன்ல தம்பி?" என்றார். அவர் காப்பி மூட்டை தூக்குகிறவர். அப்பாவின் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டினார், முதலில் உட்கார வைத்து, அப்புறம் தாழ்வான ஸ்டூலில், அப்புறம் கட்டிலில். "முதுக வளைக்காத, முட்டிய மடக்கு." ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் சர்ச்சுக்கு வருகிறவர் இல்லை. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு மலை உச்சிக்குப் போகிறவர். அன்றைக்கு எனக்கு ஆண்டவர் அனுப்பினது அவரைத்தான், அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

அன்று வேலைக்குப் போகவில்லை. பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தை எடுத்து உட்கார்ந்தேன். 13-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிற பழக்கம் எனக்கு, அட்டையில் அவ்வளவுதானே இருக்கிறது. 14-ஆம் வசனத்தில் பவுல் என்ன சொல்கிறார் தெரியுமா? என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தீர்களே, அது நல்லது என்கிறார். எல்லாவற்றையும் செய்ய பெலனுண்டு என்று எழுதின அதே மூச்சில்! எழுதும்போது அவர் காவலில் இருக்கிறார். பிலிப்பி சபையார் தங்கள் ஆளான எப்பாப்பிரோதீத்துவின் கையில் கொடுத்தனுப்பின உதவி வந்து சேர்ந்திருக்கிறது, அதற்கு நன்றி சொல்கிற இடம் அது. அந்த எப்பாப்பிரோதீத்துவும் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாய்ப் போய்ப் பிழைத்தவர் என்று இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. இதே பவுல்தான் மாம்சத்தில் இருந்த முள்ளை, அதாவது தன்னை விடாமல் வாட்டின ஒரு வேதனையை, எடுத்துப்போடச் சொல்லி ஆண்டவரிடம் மூன்று தரம் கேட்டவர். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில்தான் வந்தது. பலவீனத்தை எடுத்துவிட்ட பிறகு விளங்கும் என்று அங்கே இல்லை. நான் இத்தனை மாதமும் என் கைக்குள் பெலன் ஏறும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நோயாளியைப் பார்த்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் சர்ச்சுக்கு வருகிறவரிடம் "விசுவாசம் இருந்தால் எல்லாம் முடியும் பிரதர்" என்று சொல்லாதீர்கள். எந்த ராத்திரி வந்து படுத்துக்கொள்ளட்டும் என்று கேளுங்கள். நான் வெட்கத்தை விட்டுக் கேட்ட பிறகு எங்கள் சபையிலிருந்து இரண்டு தம்பிகள் சனிக்கிழமை ராத்திரிகளில் வருகிறார்கள். வாரத்தில் அந்த ஒரு ராத்திரி நான் தூங்குகிறேன்.

இப்போது நவம்பர், எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்தால், வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்து இடது கையை நீட்டி எண்ணுகிறார், பழைய மேஸ்திரி கணக்கு. முதலில் வெளியே வருவது பக்கத்து வீட்டு அண்ணன்தான். "ஒண்ணு" என்பார் அப்பா, தெளிவாக. அவரும் நின்று, "ஆமா மேஸ்திரி, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.