வாதாபிக்கு எந்தப் புத்தகம்?

பொங்கல் விடுமுறையை ஒட்டி பழைய வாதாபியான பாதாமியிலும் ஹம்பியிலும் பத்து நாள் பாறை ஏறுவது என்று நாங்கள் மூவர் முடிவு செய்த அன்றே, கயிற்றை யார் சுமப்பது, கீழே விழுந்தால் தாங்கும் க்ராஷ் பேட் மெத்தையை ரயிலில் எப்படி ஏற்றுவது என்ற பேச்சுக்கெல்லாம் முன்பாக, எந்த வழிகாட்டிப் புத்தகத்தை வாங்குவது என்ற வாக்குவாதம் தொடங்கிவிட்டது. புதுச்சேரிக்காரர்களுக்குப் பாறை என்றால் கடற்கரைச் சாலையோரம் அலைக்குத் தடுப்பாகக் கொட்டி வைத்திருக்கும் கருங்கற்கள்தான். செஞ்சி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குன்றுகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை, அங்கே போய்க் கயிறு மாட்டப் பாறையில் போல்ட் அடிக்க நினைப்பதே தவறு. ஆகவே வெளியூர்ப் பாறையை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. வெளியூர்ப் பாறைக்குப் புத்தகம் வேண்டும்.

முதன்முறை பாதாமிக்குப் போனபோது படங்களைப் பார்த்து ஏமாந்தோம். யாரோ கொடுத்த புத்தகத்தின் நகல் அது. மாலை வெயிலில் செக்கச் செவேலென்று மின்னும் மணற்கல் சுவரும், அதில் ஒற்றைக் கையில் தொங்கும் மனிதரும் அட்டையிலேயே இருந்தனர். ஒரு பாதையின் உயரம் சுமார் 18 மீட்டர் என்று அதில் போட்டிருந்தது. எங்களிடம் இருந்தது 40 மீட்டர் கயிறு. ஏறியவரை உச்சி வளையத்திலிருந்து கீழே இறக்கப் பாதையின் உயரத்தைப் போல் இரு மடங்கு கயிறு வேண்டும் என்ற கணக்குப்படி 36 மீட்டர் போதும். நண்பர் உச்சியைத் தொட்டார், நான் கீழிருந்து கயிற்றை விட்டுக்கொண்டே வந்தேன். திடீரென்று கையில் முடிச்சு தட்டுப்பட்டது. கயிற்றின் கடைசி முனையில் வழக்கத்துக்காகப் போட்டு வைத்த முடிச்சு அது. நண்பரோ தரையிலிருந்து ஒரு மாடி உயரத்துக்கும் மேலே தொங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துப் பாறையில் ஏறி நின்று கொஞ்சம் கயிறு கொடுக்க, அவர் கால் ஒரு விளிம்பில் பட்டது. பிறகு அளந்து பார்த்தோம், 22 மீட்டர். முடிச்சு மட்டும் இல்லாதிருந்தால் கயிற்று முனை ஏறுபவரின் கயிற்றை நான் பிடித்து நிறுத்தும் பிலே கருவியின் வழியாக நழுவியிருக்கும்.

அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் நான் தேடுவது கடினத் தரத்தையோ நட்சத்திரக் குறிகளையோ அல்ல. பாதையின் உயரம், அதிலுள்ள போல்ட்களின் எண்ணிக்கை, உச்சியிலிருந்து இறங்கும் வழி ஆகிய மூன்றையும் பாதைக்குப் பாதை தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். நட்சத்திரம் எழுதியவரின் ரசனையைத்தான் சொல்லும். உயரம் தவறினால் எலும்பு முறியும்.

அடுத்தது பதிப்பாண்டு. இதில் ஹம்பியைவிட நல்ல பாடம் கிடையாது. துங்கபத்திரையின் அக்கரையில் உள்ள விருபாபுர கட்டியில் தங்கிக்கொண்டு காலையில் போல்டரிங், அதாவது கயிறில்லாமல் சிறு பாறைகளில் ஏறப் போவதுதான் பல ஆண்டுகளாக எல்லோருக்கும் வழக்கமாக இருந்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, மறுமாதமே அங்கிருந்த விடுதிகள் இடிக்கப்பட்டன. ஏறுபவர்கள் இப்போது சனாபூர்ப் பக்கம் தங்குகிறார்கள். பழைய புத்தகத்தில் பாறைகள் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் எந்தப் பாறைக்கும் அதிலுள்ள நடைவழி இல்லாத விடுதி வாசலிலிருந்துதான் தொடங்குகிறது!

ஏறுவது எவ்வளவு கடினம் என்று சொல்லும் தரக் குறியீட்டு விஷயத்தில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. பாரிஸ் பக்கம் குடியேறிய என் அத்தை, விடுமுறைக்கு வரும்போது சாக்லேட்டோடு ஃபோந்தேன்ப்ளோ காட்டுப் பாறைகளுக்கான புத்தகம் ஒன்றையும் கொண்டுவந்தார். “ஏம்பா, கல்லு மேல ஏறுறதுக்குக்கூடப் பொஸ்தகமா?” என்று கேட்டுக்கொண்டேதான் கொடுத்தார். அங்கே பாறைகளில் மஞ்சள், ஆரஞ்சு, நீலம், சிவப்பு, கறுப்பு என்று வண்ணமிட்டு, எளியதிலிருந்து கடினமானது வரை சுற்றுகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அழகான ஏற்பாடு. ஆனால் அந்தப் புத்தகத்தின் 6ஏ வேறு, கயிறு கட்டி ஏறும் பாதைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இடும் 6ஏ வேறு. முன்னது ஆங்கிலப் பெரிய எழுத்து (6A), பின்னது சின்ன எழுத்து (6a); பார்வைக்கு அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பெரிய எழுத்து 6ஏ, அமெரிக்கர்களின் போல்டரிங் தரமான வி3க்குச் சமமானது, மற்றதைவிடப் பல படி கடினம். ஹம்பிப் புத்தகத்தில் எந்த முறையைப் பின்பற்றியிருக்கிறார்கள் என்று முன்னுரையிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத புத்தகத்தை நான் வாங்குவதில்லை.

கடலோரத்துக்காரன் என்பதால் துருவைப் பற்றியும் எனக்குத் தனிப் பயம் உண்டு. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி உப்புக் காற்றில் என்ன பாடுபடுகிறது என்று தினமும் பார்க்கிறேன். தாய்லாந்தின் ராய்லே போன்ற கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்களே உள்ளுக்குள் விரிசல் கண்டு உடைந்திருக்கின்றன, அதனால்தான் அங்கே டைட்டானியம் போல்ட்களைப் பசையிட்டுப் பதிக்கிறார்கள். என்றாவது அங்கே போவதானால், போல்ட் எந்த உலோகம், எந்த ஆண்டு மாற்றியது என்று எழுதாத புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தாலும் தொட மாட்டேன்.

நம் நாட்டுப் பாறைகளுக்கு இன்னும் இரண்டு செய்திகள் வேண்டும். சுவர் எந்தத் திசை நோக்கியது, அதாவது எத்தனை மணிக்கு நிழல் விழும் என்பது ஒன்று; ஜனவரியிலும் பாதாமியின் நண்பகல் வெயில் சும்மா விடாது. மலைத்தேனீக் கூடுகள் வழக்கமாக எங்கே தொங்கும் என்பது மற்றொன்று. வெளிநாட்டு நூல்களைப் பார்த்து அச்சில் வார்த்தது போல் எழுதுபவர்கள் இந்தத் தேனீயை மறந்துவிடுகிறார்கள். கயிற்றில் தொங்குபவரால் ஓட முடியாது. செல்பேசிச் செயலிகளில் அவரவர் எழுதும் அண்மைக் குறிப்புகளில் இது கிடைக்கும். ஆனால் சிக்னலும் சார்ஜும் இல்லாத இடத்தில் தாளே தெய்வம்.

இந்த முறை இரண்டு புத்தகங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. ஹூப்ளி வழியே போகும் சாளுக்கியா எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாகிவிட்டது. பல்லவர் படையெடுத்த வாதாபிக்குச் சாளுக்கியர் பெயரிலேயே ரயில் கிடைத்ததில் எங்களுக்கு ஒரு குறும்பு மகிழ்ச்சி. பளபளப்பான புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கறுப்பு வெள்ளையில் கையால் வரைந்த கோட்டுப் படங்களுடன் இருந்த மெலிந்த புத்தகத்தில், நண்பர் அன்று தொங்கிய பாதையின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். உயரம் 22 மீட்டர், 40 மீட்டர் கயிறு போதாது என்று இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.