வண்டிக்கு எந்த ஸ்க்ரூடிரைவர்?

வண்டியோடு தருகிற ஸ்க்ரூடிரைவரை நம்பாதீர்கள். இறுகிப்போன திருகில் நாலு தடவை அழுத்தினால் முனை மழுங்கிவிடும். அதற்காகப் பெட்டி நிறைய செட்டும் வேண்டாம். 2-ஆம் நம்பர் ஸ்டார் (கூட்டல் குறி மாதிரி முனை) ஒன்று, 6 மி.மீ. ஃபிளாட் (தட்டை முனை) ஒன்று, சின்னத் திருகுகளுக்கு 1-ஆம் நம்பர் ஸ்டார் ஒன்று. ஹார்டுவேர் கடையில் தனித்தனியாகக் கிடைக்கிற தப்பாரியா மாதிரி கம்பெனி ஸ்க்ரூடிரைவரே போதும். தண்டில் ‘குரோம் வனேடியம்’ என்று, அதாவது உறுதியான எஃகு வகையின் பெயர், இருக்கிறதா பாருங்கள் (போலிக்காரனும் அதை அச்சடிப்பான், அது வேறு கதை).

அப்புறம், பழைய யமஹா, சுசுகி வைத்திருப்பவர்கள் திருகுத் தலையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு குழி இருந்தால் அது ஜே.ஐ.எஸ். என்கிற ஜப்பானியத் தர அளவு வகை. சாதாரண ஸ்டார் முனை அதில் அடிவரை இறங்காது. வழுக்கி மேலே ஏறி, கார்புரேட்டர் திருகின் தலையைத் தின்றுவிடும். அதற்கு மட்டும் வெசல் என்கிற ஜப்பானிய கம்பெனியின் ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூடிரைவர் வாங்கலாம், விலை சற்றுக் கூடத்தான்.